பாலத்துக்குக் கீழே: ஓடை நாட்குறிப்பு

பிப்ரவரி 2
பாலத்துக்கு மேலே உள்ள மேல்புள்ளியில் ஸ்டோன்ஃப்ளை (கல்லிடுக்கில் வாழும், சுத்தமான நீர் தேவைப்படும் பூச்சியின் லார்வா) இருக்கிறது. பாலத்துக்குக் கீழே உள்ள கீழ்ப்புள்ளியில் ஒன்றுகூட இல்லை.

பிப்ரவரி 3
மேலே மாதிரி எடுத்தது கூழாங்கல் சலசலப்பில் (ஆழம் குறைந்து வேகமாக ஓடும் இடம்), கீழே எடுத்தது மடுவில் என்றால் அந்த ஒப்பீட்டுக்கு மதிப்பே இல்லை. இரண்டுமே சலசலப்பாக இருக்க வேண்டும், ஆழமும் வேகமும் ஏறக்குறைய ஒத்துப்போக வேண்டும். அரை மில்லிமீட்டர் கண் வலை. அதைவிடப் பெரிய கண்ணில் குட்டிப் பூச்சிகள் தப்பிவிடும். சிறிய கண் என்றால் வண்டல் அடைத்து, தண்ணீர் எதிர்த்து வந்து, பிடிபட்டதும் வெளியே போய்விடும். வலையின் அடிச்சட்டம் தரையோடு ஒட்டி, வாய் நீரோட்டத்தைப் பார்த்து இருக்க வேண்டும். அதற்கு முன்னால் நின்று மூன்று நிமிடம் காலால் கிளற வேண்டும். தொடக்கம் எப்போதும் கீழிருந்து மேலே; மேலிருந்து வந்தால் நம் கால் கலக்கிய சேறு அடுத்த மாதிரியில் விழும்.

வெள்ளைத் தட்டில் கொட்டிய உடன் எண்ணத் தொடங்கக் கூடாது. ஒரு நிமிடம் விட்டால் குப்பை படியும், உயிருள்ளது நகரும். வாலை மட்டும் எண்ணினால் ஏமாறுவோம்: ஸ்டோன்ஃப்ளையைப் போலவே தெரியும் மேஃப்ளை என்ற இன்னொரு பூச்சிக்கு மூன்று வால் என்பார்கள், இரண்டு வால் இனங்களும் உண்டு. கால் நுனியைப் பார்க்க வேண்டும். நகம் இரண்டு என்றால் ஸ்டோன்ஃப்ளை. நகம் ஒன்றே, வயிற்றின் இருபுறமும் செவுள்கள் என்றால் மேஃப்ளை.

பிப்ரவரி 4
கீழ்ப்புள்ளி, மதியம் 2 மணி: கரைந்த ஆக்சிஜன் 9.4 மி.கி./லி., வெப்பம் 26 டிகிரி. அந்த வெப்பத்தில் நீர் இயல்பாகத் தாங்கும் அளவில் (செறிவு) இது 116 சதவீதம். நல்ல செய்தியே இல்லை.

பிப்ரவரி 5
அதே இடம், விடியலுக்கு முன்: 3.9. வெப்பம் 22 டிகிரி. செறிவில் பாதிகூட இல்லை. மேல்புள்ளியில் அதே நேரத்தில் 7.6.

பகலில் பாசி ஆக்சிஜனை வெளியிடுகிறது, இரவில் அதே பாசியும் சேற்றுப் பாக்டீரியாவும் அதை இழுத்துக்கொள்கின்றன. அலுவலக நேரத்தில் மட்டும் அளப்பவர்களுக்கு இந்த ஓடை என்றைக்கும் ஆரோக்கியமாகவே தெரியும். சவ்வு வைத்த மீட்டர் என்றால் சவ்வுக்கு உள்ளே காற்றுக் குமிழி இருக்கக் கூடாது. நின்ற நீரில் முனையை மெல்ல அசைத்துக்கொண்டே படிக்க வேண்டும், இல்லாவிட்டால் முனை தன்னைச் சுற்றியுள்ள ஆக்சிஜனைத் தானே தின்று குறைத்துக் காட்டும்.

பிப்ரவரி 6
மின்கடத்துதிறன் (நீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டுவது) மேலே 180 மைக்ரோசீமன்ஸ்/செ.மீ. பாலத்துக்குக் கீழே இடது கரையோரம் 520, வலது கரையில் அதே 180. நடுவில் ஒரு புட்டி நிரப்பிக்கொண்டு போயிருந்தால் ஒன்றுமே புரிந்திருக்காது. இடது கரையில் ஒரு குழாய். அதன் நீர் 1500.

பாலத்துக்கு மேலே ஓட்டம்: மிதவை 5 மீட்டரை 20 விநாடியில் கடக்கிறது. மேற்பரப்பு வேகம் அடி வேகத்தைவிடக் கூடுதல் என்பதால் 0.85-ஆல் பெருக்க வேண்டும். அகலம் 1.6 மீட்டர், சராசரி ஆழம் 12 செ.மீ.; விநாடிக்குச் சுமார் 41 லிட்டர். குழாயில் 10 லிட்டர் வாளி 6 விநாடியில் நிரம்புகிறது. இரண்டும் கலந்தால் மின்கடத்துதிறன் சுமார் 232 வர வேண்டும். நன்றாகக் கலந்த இடத்தில் மீட்டர் 235 காட்டுகிறது. வேறு பெரிய உப்பு மூலம் ஒளிந்திருக்கவில்லை.

பிப்ரவரி 7
இரவு முழுக்க மழை. வலையைத் தொடக் கூடாது. வெள்ளம் அடித்துப்போன தரையில் பூச்சி குறைந்தால் அது மழையின் கணக்கு. இரண்டு வாரமாவது விட வேண்டும்.

பிப்ரவரி 11
கீழே ஸ்டோன்ஃப்ளை இல்லாததற்கு வண்டல்தான் காரணமோ? கீழ்ப்புள்ளியில் கற்கள் பாதிக்கு மேல் புதைந்து கிடக்கின்றன. ஒன்றைப் புரட்டினால் அடிப்பக்கம் கறுப்பு, அழுகிய முட்டை நாற்றம். கல்லிடுக்கு அடைபட்டால் ஸ்டோன்ஃப்ளைக்கு வீடே இல்லை, ஆக்சிஜன் இருந்தாலும்.

ஆனால் 2-ஆம் தேதி மாதிரியில் சிவப்பு லார்வாவும் (கொசு போன்ற ஒரு பூச்சியின் இளம் பருவம்) டியூபிஃபெக்ஸ் என்ற மெல்லிய சேற்றுப் புழுவும் கீழே குவியலாக இருந்தன. இரண்டுக்கும் ஹீமோகுளோபின் உண்டு. மூச்சு முட்டும் இடத்தில் நிலைப்பவை. வண்டல் மட்டும் காரணம் என்றால் இந்தக் கூட்டம் இவ்வளவு வந்திருக்காது. குடும்பவாரி மதிப்பெண் (மாசைத் தாங்காத பூச்சிக் குடும்பத்துக்கு அதிகம், தாங்குவதற்குக் குறைவு) சராசரி மேலே 6.4, கீழே 3.1. மொத்தத்தைவிடச் சராசரியை நம்பலாம். அதிக நேரம் கிளறினாலே மொத்தம் ஏறிவிடும்.

பிப்ரவரி 12
கரையோரம் வானவில் படலம். குச்சியால் குத்தினால் சில்லு சில்லாக உடைகிறது: இரும்பு பாக்டீரியா. எண்ணெய் என்றால் திரும்ப ஒட்டிக்கொள்ளும்.

பிப்ரவரி 20
கீழே மதியம் பி.எச். 8.6, காலையில் 7.5. பாசி கார்பன் டை ஆக்சைடை இழுப்பதால் ஏறுகிறது. பி.எச். ஏறினால், நீரிலுள்ள மொத்த அம்மோனியா மாறாவிட்டாலும் அதில் நச்சு வடிவம் 25 டிகிரியில் 2 சதவீதத்துக்குள் இருந்தது 18 சதவீதமாகிவிடும். ஆக ஆக்சிஜனுக்கு விடியல், அம்மோனியாவுக்கு மதியம். ஒரே நேரத்தில் இரண்டையும் அளந்தால் ஏதாவது ஒன்று தப்பித்துக்கொள்ளும்.

பிப்ரவரி 24
கீழ்ப்புள்ளி ஸ்டோன்ஃப்ளைகள் சிறகு முளைத்துப் பறந்துவிட்டனவோ என்ற சந்தேகம் விடவில்லை. மேலே, நீர்மட்டத்துக்குச் சற்று உயரத்தில், கற்களில் முதுகு பிளந்த வெற்றுத் தோல்கள் ஒட்டியிருக்கின்றன. கீழே ஒன்றுமில்லை. மழை இரண்டு இடத்திலும்தான் பெய்தது. பறந்திருந்தால் தோல் மிச்சமிருக்கும். சில இனங்களுக்கு லார்வாப் பருவமே ஓராண்டு அல்லது அதற்கு மேல். அவ்வளவு காலத்தில் மோசமான ஒரே இரவு போதும்.

மார்ச் 1
குழாயில் நீர் வரவில்லை.

மார்ச் 2
கீழ்ப்புள்ளியில் விடியலுக்கு முன் ஆக்சிஜன் 5.1. குழாய் இன்னும் வறண்டே கிடக்கிறது. அம்மோனியாவைச் சோதிக்கும் வினைப்பொருள் தீர்ந்துவிட்டது.