பதற்றத்துக்கு ஓர் அட்டை

டிசைன் மாணவர்களின் இறுதி ஆண்டு புராஜெக்டுகளுக்கு வழிகாட்டுவது என் வேலை. சில ஆண்டுகளாகத் தலைப்புகளில் மனநலம் தவறாமல் வந்துவிடுகிறது. அதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் முதலில் வரும் படங்கள் பெரும்பாலும் ஒன்றுதான்: விரிசல் விட்ட தலை, சிக்கிய நூல், மூலையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் கறுப்பு உருவம். பார்த்தவுடன் புரிந்துவிடும். அவதிப்படுகிறவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

கூடவே ஓவியர் வான்கோவும் வந்துவிடுவார். வலி இருந்தால்தான் கலை வரும் என்பதற்கு அவர்தான் சாட்சி. செயின்ட் ரெமி மனநலக் காப்பகத்தில் இருந்தபோது அவர் நிறைய வரைந்தது உண்மைதான். ஆனால் 1889 ஜூலையில் நோய் முற்றியபோது பல வாரங்கள் அவரால் வரையவே முடியவில்லை. இதை நான் எல்லா வகுப்பிலும் அழுத்திச் சொல்கிறேன். உள்ளே இருப்பது வற்றிவிடுமோ என்ற பயத்தில் மருந்தைத் தள்ளிப்போடும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

ஒரு மாணவி செய்தது சட்டைப் பையில் அடங்கும் ஓர் அட்டை. பேனிக் அட்டாக் வந்து பேச்சே எழாதபோது, பக்கத்தில் இருப்பவரிடம் நீட்டுவதற்கு. முதல் வடிவம் வெளிர்நீலத்தில் மெல்லிய சாம்பல் எழுத்து. அழகாக இருந்தது, ஆனால் படிக்க முடியவில்லை. எழுத்துக்கும் பின்னணிக்கும் வெளிச்ச அளவில் குறைந்தது 4.5:1 வேறுபாடு வேண்டும் என்பது இணையப் பக்கங்களுக்கான அணுகல் நெறி. அதை அட்டைக்கு வைத்துப் பார்த்தாள், தேறவில்லை. வெள்ளையில் தடித்த கறுப்புக்கு மாறினாள்.

வாசகத்தில்தான் அதிகம் உழைத்தாள். "எனக்குப் பதற்றக் கோளாறு உள்ளது, தயவுசெய்து உதவவும்" என்று தொடங்கியது, "மூச்சு வாங்குகிறது. பேச முடியவில்லை. பக்கத்தில் இருங்கள். கூட்டம் வேண்டாம்" என்று முடிந்தது. முன்பின் தெரியாதவரிடம் நோயின் பெயரைச் சொல்லாமலே உதவி கேட்கலாம் என்று அவளே கண்டுகொண்டாள். பின்பக்கத்தில் "பயப்பட ஒன்றுமில்லை" என்று எழுதியிருந்தாள். அதை ஒரு மனநல மருத்துவரிடம் காட்டினாள். இதயக் கோளாறும் இதே போலத் தொடங்கலாம் என்று அவர் அந்த வரியை எடுக்கச் சொன்னார். "பெரும்பாலும் சில நிமிடங்களில் உச்சம் தொட்டு இறங்கும். நெஞ்சுவலி இருந்தாலோ குறையாவிட்டாலோ மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்" என்று மாற்றினாள்.

புராஜெக்டை மதிப்பிட வந்த ஜூரியில் ஒருவர், "இது உங்களுக்கே வருமாம்மா?" என்று கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். அட்டையைப் பற்றி மட்டும் கேளுங்கள் என்று இடைமறித்தேன். வருகிறது என்றால் மதிப்பெண் கூடுமா, வராது என்றால் குறையுமா? அந்தக் கேள்விக்கு அங்கே இடமே இல்லை.

இப்போது முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுகிறேன். சொந்தக் கதையைச் சொல்லலாம், சொல்லியே ஆக வேண்டும் என்றில்லை, அதற்குத் தனி மதிப்பெண்ணும் கிடையாது. தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் முறைகளை வரையக் கூடாது. யாருடைய ஸ்கெட்ச்புக்காவது என்னைக் கவலைப்படுத்தினால், திருத்தத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் கவுன்சிலரிடம் நானே கூடப் போகிறேன். ஜூரிக்கு வருகிறவர்களுக்கும் இதை எழுதி அனுப்புகிறேன். ஒத்துக்கொள்ளாதவரை அழைப்பதில்லை.