பழைய ட்ரெய்லரின் கூரையும் அதன் ஒழுகல்களும்

காரின் பின்னால் இழுத்துச் செல்லும், நான்கு பக்கமும் மூடிய பழைய ட்ரெய்லர் வண்டி ஒன்றை வாங்கியபோது, அதன் கூரையில் திட்டுத்திட்டாகப் பூசப்பட்டிருந்த ஓட்டை அடைக்கும் வெள்ளைச் சிலிக்கான் பசையைப் பார்த்து, முன்பு வைத்திருந்தவர் அக்கறையுள்ளவர் என்று எண்ணிக்கொண்டேன். முதல் மழையிலேயே முன்மூலையில் வைத்திருந்த அட்டைப்பெட்டிகள் ஊறிப்போயின. நீர் எங்கே நுழைகிறது என்று தெரியாமல் ஒவ்வொரு மழைக்கும் ஒரு திட்டாக அவர் பூசி வந்திருக்கிறார் என்பது அப்போதுதான் விளங்கியது.

நீர் சொட்டும் இடத்துக்கு நேர் மேலே ஓட்டை இருக்கும் என்று நம்புவதுதான் முதல் தவறு. கூரைத் தகட்டின் அடியில் குறுக்காக ஓடும் எஃகுச் சட்டங்களைப் பற்றிக்கொண்டு நீர் பல அடி தூரம் சென்ற பிறகே கீழே விழுகிறது. ஆகவே நல்ல வெயிலில் உள்ளே புகுந்து கதவை மூடிக்கொண்டு, கண் இருட்டுக்குப் பழகும்வரை காத்திருந்தேன். ஊசிமுனை அளவு ஓட்டைகள்கூட விண்மீன்களைப் போலத் தெரிந்தன. ஒவ்வொன்றையும் சுற்றிச் சாக்பீஸால் வட்டமிட்டேன். தகடுகள் இணையும் இடங்களில் உள்ள, ஒளி நுழையாத மடிப்புகளுக்கு நீர்க்குழாய்தான் வழி. ஒருவர் உள்ளே நின்று கவனிக்க, மற்றவர் சுவரின் அடியிலிருந்து தொடங்கி, ஒரு பகுதியை முழுமையாக நனைத்துச் சில நிமிடங்கள் பொறுத்த பின்னரே மேலே செல்ல வேண்டும். மேலிருந்து தொடங்கினால் வழிந்தோடும் நீர் எல்லா இணைப்புகளையும் ஒரே நேரத்தில் நனைத்துவிடும். குற்றவாளி எது என்று பிரித்தறிய முடியாது. குளிர்ந்த இரவுக்குப் பின் கூரையின் உட்புறம் முழுவதும் சீராக முத்துமுத்தாக நீர் கோத்திருந்தால் அது ஒழுகலே அன்று, உள்ளிருக்கும் காற்றின் ஈரம்தான். அதற்குக் காற்றோட்டம் வேண்டும், இடுக்குகளை அடைக்கும் சீலன்ட் பசை உதவாது.

உட்புறத்திலிருந்து ஓட்டையை அடைப்பது எளிது என்பதால் பலர் அதைச் செய்கிறார்கள். அதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். நீர் தகட்டுக்கும் பூச்சுக்கும் இடையே தேங்கி, கண்ணுக்குத் தெரியாமல் எஃகுச் சட்டத்தைத் துருப்பிடிக்க வைக்கும்.

வேலையின் பெரும்பகுதி பழைய சிலிக்கானை அகற்றுவதிலேயே கழிந்தது. சிலிக்கானின் மேல் வேறு எந்தச் சீலன்டும், வண்ணப்பூச்சும் சரியாக ஒட்டாது. ஆகவே புதியதைப் பூசுவதற்கு முன் பழையது அடிவரை போக வேண்டும். தகட்டைக் கீறாமலிருக்கப் பிளாஸ்டிக் சுரண்டியைப் பயன்படுத்தி, பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்தேன், துணியில் கறுப்பு ஏறாமல் வரும்வரை. மேலே ஏறும்போது தகட்டில் நேரடியாகக் கால் வைக்கக் கூடாது. இரண்டு மூன்று சட்டங்களுக்குக் குறுக்காக ஒரு பலகையைப் போட்டு, அதன் மேல் முழந்தாளிட்டுத்தான் வேலை செய்ய வேண்டும். கூரையின் சில விரிசல்கள் யாரோ ஏறி நடந்ததால்தான் வந்திருக்கும் என்பது என் ஊகம்.

மற்றவை வெப்பத்தால் வருபவை. ஐந்து மீட்டர் நீளமுள்ள அலுமினியத் தகடு இருந்ததைவிட 40 டிகிரி செல்சியஸ் கூடுதலாகச் சூடேறினால் ஏறத்தாழ நாலரை மில்லிமீட்டர் நீளும். அடியிலுள்ள எஃகோ அதில் பாதியளவே நீளும். இந்த இழுபறியை நாள்தோறும் தாங்கும் இணைப்பில், காய்ந்து இறுகிவிடும் எதுவும் நிலைக்காது. எனவே மடிப்புகளுக்கு, காய்ந்த பிறகும் ரப்பரைப் போல வளையும் பாலியூரித்தேன் சீலன்டைத் தேர்ந்தெடுத்தேன். அது காற்றின் ஈரத்தைக் கொண்டு வெளியிலிருந்து உள்நோக்கி இறுகுவதால், ஒரு நாளைக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர் ஆழம்தான் காயும். மேல்தோல் காய்ந்ததை நம்பி அன்றே வண்டியை எடுத்துவிடக் கூடாது.

தகட்டில் ஓடியிருந்த விரிசலைச் சீலன்டால் மட்டும் மூடினால், அது அடியிலேயே நீண்டுகொண்டு போகும். அதன் இரு முனைகளிலும் மூன்று மில்லிமீட்டர் துளையிட்டேன். கூர்முனையில் குவியும் விசை துளையின் வட்ட விளிம்பில் பரவிவிடுவதால் விரிசல் அங்கே நின்றுவிடும். பிறகு, எல்லாப் பக்கமும் நான்கு சென்டிமீட்டர் கூடுதலாக வெட்டிய அலுமினியத் துண்டை, அடியில் பியூட்டைல் டேப் என்னும் மென்மையான ஒட்டும் ரப்பர் நாடாவை வைத்து, முனை மூடிய அலுமினிய ரிவெட்டுகளால், அதாவது தறையாணிகளால், பொருத்தினேன். நடுவே ஓட்டையுள்ள சாதாரண ரிவெட் தானே ஒரு புதிய ஒழுகலாகிவிடும். எஃகுத் திருகாணியைப் போட்டால் ஈரம் பட்டதும் அதைச் சுற்றியுள்ள அலுமினியம் அரிக்கத் தொடங்கும்.

கூரையின் காற்றுப்போக்கியைக் கழற்றி, அதன் அடியில் இறுகிப்போன பழைய அடைப்புப் பசையைச் சுரண்டிவிட்டு, புதிய பியூட்டைல் டேப்பின் மேல் அமர்த்தினேன். அதன் திருகாணித் தலைகளின் மேல் தானாகப் பரவிச் சமனாகும் சீலன்டை ஊற்றினேன். செங்குத்தான பக்கங்களுக்கு அது உதவாது, வழிந்துவிடும். சுவர்களில் பழைய அலமாரிகள் விட்டுச்சென்ற துளைகளுக்கு ரிவெட்டும் ஒரு துளி சீலன்டும் போதும். சுவரின் அடிவிளிம்பில் இருக்கும் சிறு வடிதுளைகளை மட்டும் அப்படியே விட வேண்டும். உள்ளே புகும் நீர் வெளியேறும் வழி அதுதான்.

எல்லாம் காய்ந்த பின் மறுபடி குழாயைப் பிடித்தோம். முன்மூலையில் மீண்டும் ஒரு சொட்டு விழுந்தது. கூரை உலர்ந்தே இருந்தது. பக்கவிளக்கின் பின்னால் வயர் நுழையும் துளையில் ரப்பர் வளையம் வெடித்துப்போயிருந்தது. விளக்கைக் கழற்றிப் புதிய வளையத்தைப் போட்டு, விளக்கின் மேல்விளிம்பிலும் பக்கங்களிலும் சீலன்ட் பூசி, கீழ்விளிம்பைத் திறந்தே விட்டேன். அந்த மூலையில் ஊறி மென்மையாகியிருந்த தரைப்பலகையைத் திருப்புளியால் குத்திப் பார்த்தபோது, நுனி அரை அங்குலம் இறங்கியது. அதை வெட்டி மாற்றும் வேலை இன்னும் மீதமிருக்கிறது.