செத்த மாட்டுக்குச் சாட்சி

அக்டோபர் 6, 2013. ஸ்டர்ஜிஸ், தெற்கு டகோட்டா, அமெரிக்கா

மின்சாரம் இன்னும் வரவில்லை. வியாழன் இரவு மழை. வெள்ளியன்று அது பனியாகி, நேற்றுதான் ஓய்ந்தது. மலைமேல் உள்ள லீட் ஊரில் 55 அங்குலமாம். மாடுகள் இன்னும் கோடை மேய்ச்சல் நிலத்தில்தான் இருந்தன; குளிர்கால ரோமம் முளைக்கவில்லை. முதலில் தோல்வரை நனைந்து, பிறகு அந்தக் காற்றில் நின்றிருக்கின்றன.

அக்டோபர் 9

நான் கணக்கெழுதும் பண்ணைப் பெரியவரோடு போனேன். மாடுகள் காற்றுக்கு முதுகைக் காட்டியபடி மைல்கணக்கில் நடந்து, வேலியை முறித்துக்கொண்டு, யாரோ ஒருவரின் ஓடைப் பள்ளத்தில் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தன. சூட்டுக்குறியைப் பார்த்துத்தான் யாருடையவை என்று பிரித்தோம். மாலைக்குள் 41.

உடனே குழி தோண்டச் சொன்னார். “முதலில் படம் எடுக்க வேண்டும்” என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார். நானே எடுத்தேன், காதுவில்லை எண் தெரியும்படி.

ஊரில் எங்கள் கறவை மாடு செத்தபோது அப்பா காதை வில்லையோடு அறுத்துக் காப்பீட்டுக்காரரிடம் கொடுத்தார். வில்லை இல்லாவிட்டால் பணம் கிடையாது. அன்று அப்பாமீது எனக்கு வந்த கோபம்!

இந்தப் படங்களை எங்கே கொடுப்பது? வரவுசெலவுச் சண்டையில் 1ஆம் தேதியிலிருந்து மத்திய அரசு அலுவலகங்கள் பூட்டிக் கிடக்கின்றன. திறந்திருந்தாலும் பயனில்லை: கால்நடை இழப்பீட்டுத் திட்டம் 2011 செப்டம்பரிலேயே காலாவதி. பூட்டிய கதவுக்குப் பின்னால் இல்லாத படிவம்.

அக்டோபர் 17

அலுவலகங்கள் திறந்தன. சான்றுகளைப் பத்திரமாக வைத்திருங்கள் என்கிறார்கள். வைத்திருக்கிறோம்.

டிசம்பர் 8

அரசைவிட அக்கம்பக்கம் வேகம். மாநிலக் கால்நடை வளர்ப்போர் சங்கங்கள் புயல் ஓய்ந்த சில நாட்களிலேயே நிவாரண நிதி தொடங்கிவிட்டன. மொன்டானாக்காரர்கள் சினைக் கிடாரிகளையே நன்கொடையாக அனுப்புகிறார்கள். பணத்தைவிட இதில்தான் பெரியவருக்கு மனம் இளகியது.

பிப்ரவரி 7, 2014

வேளாண் சட்டத்தில் ஒபாமா இன்று மிச்சிகனில் கையெழுத்திட்டார். இழப்பீட்டுத் திட்டம் 2011 அக்டோபர் வரை பின்தேதியிட்டு உயிர்பெற்றிருக்கிறது. சந்தை மதிப்பில் 75 விழுக்காடு.

ஏப்ரல் 15

விண்ணப்பம் தொடங்கும் நாள். வருமான வரிக்குக் கடைசி நாளும் இதுவே. என் மேசையைப் பார்த்தால் எனக்கே பரிதாபமாக இருக்கிறது.

எல்லா ஆண்டும் வழக்கமாகச் சாகும் மாடுகளின் கணக்கைக் கழித்துவிட்டு மிச்சத்துக்குத்தான் பணம். வயிற்றிலிருந்த கன்றுகளுக்கு எதுவுமில்லை. செத்தவற்றில் பெரும்பாலானவை சினை மாடுகள், அதாவது அடுத்த ஆண்டு வருமானமும் அவற்றோடு போயிற்று. சட்டம் எழுதியவர் மாடு வளர்த்திருக்க மாட்டார்.

ஆறு மாடுகள் கிடைக்கவே இல்லை. “அந்த ஆறையும் சேர்க்கலாமா?” என்றேன். “நான் கண்ணால் பார்க்கவில்லையே” என்றார். படங்களை அவர் இதுவரை பார்த்ததில்லை. உறையை ஒட்டித்தான் கையெழுத்துக்குக் கொடுத்தேன்.

ஜூன் 20

பணம் வந்தது. பெரும்பகுதி வங்கிக் கடனுக்கே போய்விட்டது.

மாலையில் பெரியவர் வந்து நான்கு காதுவில்லைகளை மேசைமேல் வைத்தார். ஓடையில் தண்ணீர் இறங்கியபின் எலும்புகளோடு கிடந்தனவாம். மண்ணைக் கழுவித் துடைத்திருந்தார். இவற்றுக்கும் விண்ணப்பிக்கலாம், காலக்கெடு இருக்கிறது என்றேன்.

கதவுவரை போய்த் திரும்பி வந்தார்.

“படம் எடுத்துக்கொள்” என்று தொப்பியைக் கழற்றிவிட்டுப் பக்கத்தில் நின்றார்.