கரிமருந்துக் குழலைக் கழுவும் தண்ணீர்

தேர்தல் அறிவிப்பு வந்ததும், உரிமம் பெற்றுத் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் அவற்றைக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற கடையிலோ ஒப்படைக்கும்படி உத்தரவு வருவது வழக்கம். ராமநாதபுரத்தில் நான் வேலை பார்க்கும் பழுதுபார்ப்புப் பட்டறைக்கு அப்போது வந்து சேர்பவற்றில், கமுதி, முதுகுளத்தூர்ப் பக்கம் பயிர்க் காவலுக்கென வைத்திருக்கும் நாட்டுத் துப்பாக்கிகளே, அதாவது முன்வாய் வழியாகக் கரிமருந்தை (கறுப்பு வெடிமருந்தை) கெட்டித்துச் சுடும் ஒற்றைக்குழல் துப்பாக்கிகளே, எனக்கு அதிகக் கவலை தருபவை. தோட்டா போட்டுச் சுடும் துப்பாக்கி சில வாரங்கள் துடைக்காமல் கிடந்தாலும் பெரும்பாலும் தாங்கிவிடும். கரிமருந்து சுட்ட குழல் இந்தக் கரையில் ஓர் இரவைக் கூடத் தாங்காது.

கரிமருந்தில் ஏறக்குறைய 75 பங்கு வெடியுப்பும் (பொட்டாசியம் நைட்ரேட்டு), 15 பங்கு கரியும், 10 பங்கு கந்தகமும் இருக்கின்றன. எரிந்த பிறகு அதன் எடையில் பாதிக்கும் மேல் புகையாகவும் படிவாகவும் திடப்பொருளாகவே மிஞ்சுகிறது. அந்தப் படிவில் பொட்டாசியம் கார்பனேட்டு, பொட்டாசியம் சல்பேட்டு, பொட்டாசியம் சல்பைடு ஆகியவை உண்டு. எல்லாமே தண்ணீரில் கரையும் உப்புகள். இவற்றுள் கார்பனேட்டுதான் நமக்குச் சிக்கல் தருவது. காற்றின் ஈரப்பதம் சுமார் 43 விழுக்காட்டைத் தாண்டினாலே அது ஈரத்தை இழுத்துக் கசியத் தொடங்கும். சமையல் உப்புக்கு அந்த எல்லை ஏறக்குறைய 75 விழுக்காடு. ஒரு பக்கம் பாக்கு நீரிணையும் மறுபக்கம் மன்னார் வளைகுடாவும் சூழ்ந்த ஊரில், வாடை அடித்தாலும் கச்சான் அடித்தாலும், 43 விழுக்காட்டுக்குக் கீழே காற்று உலர்வது அரிது. ஆகவே சுட்டு முடித்துச் சுவரில் மாட்டிய குழலுக்குள், யாரும் தண்ணீர் ஊற்றாமலே உப்புநீர் ஊறிக்கொண்டிருக்கிறது.

வருபவர்களில் பலர் சீமெண்ணெயில் நனைத்த துணியால் குழலைத் துடைத்துவிட்டே கொண்டுவருகிறார்கள். துணி கறுத்துப் போவதால் அழுக்கு வந்துவிட்டதாக ஒரு திருப்தி ஏற்படுகிறது. வந்தது கரித்தூள் மட்டும்தான். உப்பு சீமெண்ணெயில் கரையாது. அதன் மேல் எண்ணெயையும் பூசி வைத்தால், உப்பை இரும்போடு சேர்த்து மூடி வைத்ததாகவே முடியும். டீசலும் தின்னரும் இதே கணக்குதான். “துப்பாக்கிக்குத் தண்ணியா?” என்று முகம் சுளிக்கும் பெரியவர்களிடம், கரிமருந்தைப் பொறுத்தவரை தண்ணீரைவிடச் சிறந்த கரைப்பான் கிடையாது என்பதை நான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஆனால் எந்தத் தண்ணீர் என்பதில்தான் இந்த மாவட்டத்தின் தனிப்பிரச்சினை இருக்கிறது. இங்கே பல இடங்களில் ஆழ்துளைக் கிணற்று நீர் உவர்ப்பு. அதில் குளோரைடு நிறைய. பொட்டாசியம் உப்பைக் கழுவப் போய்ச் சோடியம் குளோரைடை உள்ளே விட்டுவிட்டு வருவது துருவுக்கு விருந்து வைப்பதற்குச் சமம். பள்ளி வேதியியலில் படித்த, குளோரைடைக் காட்டும் சில்வர் நைட்ரேட்டுச் சோதனை பட்டறையில் எனக்கு உண்மையாகவே பயன்படுவது இந்த ஒரு வேலைக்குத்தான்: இரண்டு மூன்று சொட்டு விட்டதும் கிணற்று நீர் பாலாகத் திரிகிறது, பிடித்து வைத்த மழைநீர் ஏறக்குறையத் தெளிவாகவே நிற்கிறது. மழைநீர் இல்லாதபோது கேன் தண்ணீர் வாங்குகிறோம். ஒரு குழலுக்கு ஓரிரு லிட்டர் போதும் என்பதால், செலவைக் காரணம் காட்டி உவர்நீருக்குப் போவதை நான் ஒப்புக்கொள்வதில்லை.

அந்தத் தண்ணீரில் என்ன சேர்ப்பது என்று பலரும் கேட்பார்கள். கரியும் பழைய எண்ணெயும் விட்டுவர, பாத்திரம் துலக்கும் திரவம் சில சொட்டுப் போதும். கட்டிச் சோப்பு கடின நீரில் திரிந்து குழலுக்குள் பிசினாக ஒட்டும். வெளிநாட்டுக்காரர்கள் புகழும் பாலிஸ்டால், 1904-இல் ஜெர்மனியில் உருவான எண்ணெய். தண்ணீரோடு சேர்ந்து வெண்மையாகக் கலக்கும், தண்ணீர் ஆவியான பிறகு மெல்லிய எண்ணெய்ப் படலத்தை விட்டுச்செல்லும். அதே தத்துவத்தில் வேலை செய்யும் கூலண்ட் ஆயில் நம் லேத் பட்டறைகளில் தாராளமாகக் கிடைக்கிறது. கழுவிய பிறகு ஒரு முறை அதை விட்டு எடுப்பது நல்லது என்பது என் அனுபவம். ஹைட்ரஜன் பெராக்சைடு கலந்த செய்முறைகள் நுரைத்துக்கொண்டு வேகமாக அழுக்கை எடுக்கும். உயிர்வளியை விட்டுக்கொடுக்கும் பொருளை வெற்று இரும்பின் மேல் ஊற்ற எனக்கு மனம் வருவதில்லை. புளியும் எலுமிச்சையும் பித்தளைப் பூண்களோடு நின்றுவிட வேண்டும்.

வேலையைத் தொடங்கும் முன், குழல் காலியாக இருக்கிறதா என்று கெட்டிக்கும் கோலை உள்ளே விட்டு, அதன் நீளத்தை வெளியே வைத்து ஒப்பிட்டுப் பார்ப்பது கட்டாயம். வருடக்கணக்கில் மாட்டியிருந்த துப்பாக்கியிலும் மருந்து அப்படியே இருக்கலாம். கரிமருந்து எளிதில் செத்துப்போவதில்லை. பிறகு குழலின் பின்பக்கம் மருந்துக்குத் தீ போகும் சிறு துளைக்குழாயான நிப்பிளைக் கழற்றி, குழலைக் கட்டையிலிருந்து பிரித்து, கை பொறுக்கும் சூட்டில் உள்ள நீரை விட்டுத் துணிசுற்றிய கோலால் மேலும் கீழும் இழுக்கிறோம். கொதிநீர் சீக்கிரம் உலரும் என்பது உண்மைதான். ஆனால் சூடேறிய ஈர இரும்பில் செந்நிறப் படலம் கண்ணெதிரே பூக்கும். கழுவும்போது சல்பைடிலிருந்து அழுகிய முட்டை நாற்றம் எழும். அந்த நாற்றம் நிற்கும் வரை தண்ணீரை மாற்றிக்கொண்டே இருப்பதுதான் எங்கள் கணக்கு.

கஞ்சி போடாத பழைய வேட்டித் துணியால் உலரத் துடைத்த பிறகே எண்ணெய். தேங்காய் எண்ணெய் நாள்பட்டால் காறி அமிலம் விடும். நல்லெண்ணெய் பிசுக்காக இறுகும். தையல் மெஷின் எண்ணெய் போதும். மாதக்கணக்கில் கிடக்கப் போகிறது என்றால் வாசலின். அடுத்த முறை மருந்து கெட்டிக்கும் முன் அதைத் துடைத்தெடுக்கும்படியும் சொல்லி அனுப்புகிறோம். இல்லாவிட்டால் எண்ணெயும் கரிமருந்தும் சேர்ந்து எரிந்து தார் போலப் படியும்.

சில நாள் கழித்து வெள்ளைத் துணி ஒன்றை மீண்டும் உள்ளே விட்டுப் பார்க்கிறோம். பழுப்பு ஏறினால் உப்பு மிச்சமிருக்கிறது என்று பொருள். திரும்பவும் தண்ணீரிலிருந்தே தொடங்க வேண்டும். சீமெண்ணெயைப் பட்டறையிலிருந்து நான் அடியோடு விலக்கவும் இல்லை. விசையை இழுத்ததும் அடிக்கும் குதிரையும் அதை இயக்கும் வில்லும் இருக்கும் பக்கத்தகட்டுக்குள் பல வருட எண்ணெய் கோந்தாக இறுகிக் கிடக்கும். அதை இளக்கச் சீமெண்ணெயைத்தான் எடுக்கிறோம்.