கையெழுத்துக் கேட்ட படிவம்

இலங்கையின் வடக்கு, கிழக்கில் வேலை செய்யும் பிரதேச நிருபர்களின் பாதுகாப்பு. முதுமாணிப் பட்டத்துக்கு நான் எடுத்த ஆய்வுத் தலைப்பு இதுதான்.

கொல்லப்பட்ட செய்தியாளர்களைப் பற்றிய பதிவுகள் கிடைத்தன. 2000 ஒக்டோபர் 19 அன்று யாழ்ப்பாணத்தில் தன் வீட்டிலேயே கொல்லப்பட்ட நிமலராஜன். 2004 மே 31 அன்று மட்டக்களப்பில் நடேசன். 2005 ஏப்ரலில் கொழும்பில் கடத்திக் கொல்லப்பட்ட சிவராம். 2006 ஜனவரி 24 அன்று திருகோணமலையில் சுகிர்தராஜன். அந்த மாதத் தொடக்கத்தில் இறந்த ஐந்து மாணவர்களின் உடல்களில் சூட்டுக் காயங்கள் இருந்ததைக் காட்டிய படங்கள் அவர் எடுத்தவை.

இன்றைக்கும் செய்தி எழுதுகிறவர்களின் நாளாந்தம்தான் எனக்கு வேண்டியிருந்தது. ஐ.நா.வின் நிலைபேறான அபிவிருத்தி இலக்குகளில் 16.10.1 என்ற குறிகாட்டி செய்தியாளர்கள் போன்றோருக்கு நேரும் கொலை, கடத்தல், காணாமலாக்கல், தடுத்துவைப்பு, சித்திரவதை ஆகியவற்றை எண்ணுகிறது. வீட்டு வாசலில் வந்து நின்று “சும்மா விசாரிச்சிட்டு” போவது அந்தக் கணக்கில் வராது.

முதல் நேர்காணலுக்குப் போனபோது பல்கலைக்கழகம் தந்த ஒப்புதல் படிவத்தை நீட்டினேன். பெயர், அடையாள அட்டை இலக்கம், கையெழுத்து. அந்த அண்ணா வாசித்துவிட்டுத் திருப்பித் தந்தார். “பிள்ளை, நான் கதைக்கிறன். ஆனா இதிலை கையெழுத்து வைக்கமாட்டன். நாளைக்கு உங்கடை பையைச் சோதிச்சா?”

எனக்கு முகம் சூடாகிவிட்டது. அவர் என்னோடு பேசினார் என்பதற்கு உலகத்தில் இருக்கப்போகும் ஒரே சாட்சி அந்தத் தாள்தான்.

வாய்மொழி ஒப்புதல் போதும் என்று நெறிமுறைக் குழுவுக்கு எழுதினேன். விதியில் இடமில்லை என்று விண்ணப்பம் திரும்பி வந்தது. படிவம் யாரைப் பாதுகாக்கிறது, யாரைக் காட்டிக்கொடுக்கிறது என்று வரிவரியாக விளக்கி மறுபடி அனுப்பினேன். மூன்று மாதம் போனது. கடைசியில் அனுமதி கிடைத்தது: ஒப்புதலை நான் வாசித்துக் காட்டுவேன், திகதியும் ஒரு குறியீடும் மட்டும் குறிப்பேன். குரலும் அடையாளம்தானே, அதனால் ஒலிப்பதிவை அன்றிரவே எழுத்தாக்கிவிட்டு அழிப்பேன். எங்கே சந்திப்பது என்பதை அவர்களே சொல்வார்கள். என் தொலைபேசி வீட்டில் இருக்கும்.

இந்த வேலையில் இறங்குகிறவர்கள் அனுமதிக்கென்று குறைந்தது நான்கு மாதமாவது ஒதுக்குங்கள். அவசரத்தில் பழைய படிவத்தையே தூக்கிக்கொண்டு போகாதீர்கள்.

அப்புறம் வந்தது இதைவிடப் பெரிய சிக்கல். புனைபெயர் போட்டால் ஆளை மறைத்துவிடலாம் என்று நினைத்திருந்தேன். ஒரு பிரதேச செயலகப் பிரிவில் எத்தனை நிருபர்கள் இருக்கப்போகிறார்கள்? “காணிப் போராட்டத்தைப் படமெடுத்தவர்” என்றாலே ஊருக்கு ஆள் தெரிந்துவிடும். மாவட்டம், ஆண்டு, பத்திரிகை எல்லாவற்றையும் நீக்கினேன். இரண்டு பேரின் அனுபவங்களை உடைத்து வேறுவேறு அத்தியாயங்களில் வைத்தேன். ஆய்வேட்டின் மிக வலுவான பக்கங்கள் மெலிந்துபோயின. அது எனக்கு இன்றும் வலிக்கிறது. ஆனாலும் அவற்றைத் திரும்பச் சேர்க்கமாட்டேன்.

சமர்ப்பிக்குமுன் அவரவர் பகுதியை அவரவரிடமே கொண்டுபோய் வாசித்துக் காட்டினேன். கையெழுத்து வைக்க மறுத்த அண்ணா முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். தன்னை மிரட்டிய விதத்தில் ஒரு சொல்லையும் மாற்றச் சொல்லவில்லை. ஒரே ஒரு வரியை மட்டும் எடுக்கச் சொன்னார். அவரைப் பின்தொடர்ந்தவர்கள் வழக்கமாக நிற்கும் தேநீர்க்கடை அதில் இருந்தது.

“அந்தக் கடைக்காரர்தான் எனக்கு வந்து சொன்னவர். அவருக்குப் பிள்ளையள் இருக்கு” என்றார்.