கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம்

கல்யாணப் பத்திரிகை ஒன்றின் ப்ரூஃபை நேற்று கையில் வாங்கினேன். பெண்ணின் பெயர் கோமதி. கொம்பு ஒரு பக்கம், 'க' நடுவில், கால் அந்தப் பக்கம் என்று மூன்றும் சண்டை போட்டுக்கொண்டு நின்றன. வேறு யாரும் இல்லை, ஆங்கிலத் தலைப்புக்குக் கொடுத்த ட்ராக்கிங்கை, அதாவது எழுத்துகளுக்கு நடுவே விடும் இடைவெளியை, அப்படியே தமிழுக்கும் கொடுத்தது நான்தான்.

பாமினி மாதிரிப் பழைய எழுத்துருக்களில் இந்த மூன்றும் தனித்தனிக் குறிகள். இடைவெளி விட்டால் பிரியத்தான் செய்யும். ட்ராக்கிங்கை 0 ஆக்கினேன், கோமதி ஒன்றுசேர்ந்தாள்.

அப்புறம் வரி இடைவெளி. வடிவமைப்பு மென்பொருளான இல்லஸ்ட்ரேட்டர் தானாகக் கொடுப்பது எழுத்தளவில் 120 சதவீதம். மேல் வரியின் 'ழு' கீழே இறங்கி, கீழ் வரிப் புள்ளியின் தலையில் உட்காரும். நான் 145 வைக்கிறேன். கையால் எழுதிய பழைய மளிகைக்கடைப் பலகைகளைப் பாருங்கள், பெயிண்டர் புள்ளிக்கென்றே இடம் விட்டிருப்பார்.

பொடி எழுத்துக்குக் கறுப்பு மை மட்டும், கே 100, அதாவது நூறு சதவீதக் கறுப்பு. வண்ண அச்சின் நாலு மையும் கலந்தால், அச்சில் கொஞ்சம் விலகினாலும் எழுத்தோரம் கலங்கும்.

எல்லாம் திருத்தி அனுப்பினேன். பெண்ணின் அப்பா பார்த்துவிட்டுச் சொன்னது: “பிள்ளையாரை மட்டும் கொஞ்சம் பெரிசாக்கிடுங்க தம்பி.”