அம்மா அமாவாசையைக் குறித்தார், டாக்டர் வேறொன்றைப் படித்தார்

எனக்கு இருப்பது மாதவிலக்கை ஒட்டி வரும் வலிப்பு. டாக்டர்கள் இதை கேட்டமீனியல் எபிலெப்ஸி என்கிறார்கள். காவேரிப்பட்டணம் பக்கத்தில் இருந்துகொண்டு இந்தப் பெயரைக் கண்டுபிடிக்க எங்களுக்குச் சில வருஷங்கள் ஆயின. எது உதவியது, எது வீண் என்று எழுதிவைத்தால் இதே கஷ்டத்தில் இருக்கும் வேறு யாருக்காவது பயன்படலாம்.

மாங்கூழ் ஃபேக்டரியில் கணக்கு எழுதுகிறேன். மே, ஜூன் வந்துவிட்டால் இரவு பகல் தெரியாது; லாரி வரிசையில் நிற்கும், எடைச் சீட்டு குவியும். முதல் தடவை ஃபிட்ஸ் வந்தது அப்படியொரு சீசன் இரவில்தான். தூக்கம் கெட்டதால் வந்தது என்றார்கள், நானும் நம்பினேன். தூக்கம் கெட்டால் வலிப்பு வரும் என்பது பொய்யும் இல்லை. ஆனால் ஃபேக்டரி பூட்டிக் கிடக்கும் ஐப்பசியிலும் வந்ததே, அதற்கு யாரிடமும் பதில் இல்லை. (கையில் சாவிக்கொத்தைத் திணிப்பதால் ஒரு பிரயோஜனமும் கிடையாது. ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் வைக்காதீர்கள், ஐந்து நிமிடம் தாண்டினால் 108-ஐக் கூப்பிடுங்கள். போதும்.)

முதலில் போன தனியார் மருத்துவமனையில் ஸ்கேன் நார்மல், மூளையின் மின்னலைகளைப் பதியும் இ.இ.ஜி.யும் நார்மல். "ஒண்ணும் இல்லைம்மா, டென்ஷன்தான்" என்று அனுப்பிவிட்டார்கள். புரோலாக்டின் என்ற ஹார்மோனுக்கும் ரத்தம் எடுத்தார்கள், அதுவும் மறுநாள் காலையில். பெரிய வலிப்பு வந்தால் மூளையின் மின் கொந்தளிப்பு, ஹார்மோன்களை ஆட்டிவைக்கும் ஹைப்போதாலமஸ் என்ற பகுதியையும் உலுக்கிவிடும். பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து புரோலாக்டின் சட்டென்று ஏறும். வலிப்பு வந்து 10 முதல் 20 நிமிடத்துக்குள் ரத்தம் எடுத்தால்தான் அந்த ஏற்றம் நன்றாகத் தெரியும், அப்புறம் சில மணி நேரத்தில் பழைய அளவுக்கு இறங்கிவிடும். எங்கள் தெருவுக்குள் ஆம்புலன்ஸ் திரும்புவதற்குள்ளேயே அந்த 20 நிமிடம் போய்விடும். மறுநாள் எடுத்த ரத்தம் எதைக் காட்டும்? பில்லில் மட்டும் இருந்தது.

இ.இ.ஜி. நார்மல் என்றால் நோய் இல்லை என்று அர்த்தம் இல்லை. இதை யாராவது அன்றைக்கே சொல்லியிருக்கலாம். ஜெர்மனியில் ஹான்ஸ் பெர்கர் 1924-இல் மனித மூளையின் மின்னலைகளை முதன்முதலாகப் பதிவுசெய்து 1929-இல் வெளியிட்டார். இன்றைய மெஷினும் அதே வேலையைத்தான் செய்கிறது: மண்டையோட்டைத் தாண்டி வரும், ஒரு வோல்ட்டில் லட்சத்தில் சில பங்கே இருக்கும் அலைகளைப் பிடிக்கிறது. நாம் படுத்திருக்கும் அந்த அரை மணி நேரத்தில் மூளை அமைதியாக இருந்துவிட்டால் அதில் பதிய என்ன இருக்கிறது? வலிப்பு நோய் இருப்பவர்களிலேயே ஏறக்குறைய பாதிப் பேருக்கு முதல் பதிவில் ஒன்றும் சிக்காதாம்.

எங்கள் அம்மாவுக்கு வேறொரு கணக்கு. "அமாவாசை வந்தாலே இவளுக்கு இப்படித்தான் ஆகுது" என்பார். அதை நிரூபிப்பதற்காகவே மளிகைக்கடையில் கொடுக்கும் மாதக் காலண்டரில் எனக்கு ஃபிட்ஸ் வந்த நாளில் பெருக்கல் குறி போடுவார். நான் வீட்டுக்குத் தூரமான நாளிலும் ஒரு சின்ன வட்டம் இருக்கும். அது கோயிலுக்குப் போவது, பூஜை வைப்பதற்கான கணக்கு. பழைய காலண்டர்களைத் தூக்கிப்போடும் பழக்கமும் அவருக்கு இல்லை. ஒருநாள் தம்பி அவற்றைப் பரணிலிருந்து இறக்கி வரிசையாகத் தரையில் விரித்தான். சில மாதங்கள் அம்மா சொன்னது சரியாகவே இருந்தது. அப்புறம் பெருக்கல் குறி அமாவாசையை விட்டு நகர்ந்து, தேய்பிறைக்கு மாறி, ஒரு கட்டத்தில் பௌர்ணமிக்கே போயிருந்தது. வட்டத்தை மட்டும் அது விடவேயில்லை; ஒன்று முந்தின நாள், இல்லையென்றால் அடுத்த நாள்.

யோசித்தால் கணக்கு சுலபம். அமாவாசைக்கு அமாவாசை சுமார் 29.5 நாள். என் சுழற்சி அதைவிட ஓரிரு நாள் குறைவு. இரண்டும் கொஞ்ச காலம் சேர்ந்து போகும், மாதாமாதம் மெல்ல விலகும். அம்மா பார்த்தது பொய் இல்லை, சேர்ந்து போன மாதங்கள் அவர் மனதில் நின்றுவிட்டன.

அந்தக் காலண்டர்களைச் சுருட்டி எடுத்துக்கொண்டுதான் பெங்களூர் நிமான்ஸுக்குப் போனோம். கிருஷ்ணகிரியிலிருந்து 90 கிலோமீட்டர்தான். ஓசூர் வழியாகப் போகும் சாலையிலேயே மருத்துவமனை இருக்கிறது. எங்கள் மாவட்டத்து ஆட்கள் தலை சம்பந்தமாக எதுவென்றாலும் அங்கேதான் போவார்கள். விடியற்காலையிலேயே போய் வரிசையில் நின்றுவிடுங்கள். டாக்டர் ஸ்கேனை ஓரமாக வைத்துவிட்டுக் காலண்டரைத்தான் வெகு நேரம் பார்த்தார். "யாரும்மா இதை எழுதினது?" என்று கேட்டார். அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை, அமாவாசைக் கதையையும் சேர்த்துச் சொன்னார். டாக்டர் சிரிக்கவில்லை, அது எனக்குப் பிடித்திருந்தது.

இ.இ.ஜி.க்கு வேறு தேதி கொடுத்தார்கள். இந்தத் தடவை முந்தின இரவு தூங்காமல் வரவேண்டும், தலைக்கு எண்ணெய் வைக்கக் கூடாது. தம்பி என்னைத் தூங்கவிடாமல் ராத்திரி முழுக்கச் சீட்டு ஆடினான். அங்கே தலையை டேப்பால் அளந்து, குறி போட்டு, பசை தடவி ஒவ்வொரு ஒயராக ஒட்டினார்கள். மூன்று நிமிடம் வேகமாக மூச்சு இழுத்து விடச் சொன்னார்கள், விரல் நுனியெல்லாம் மரத்துப்போனது. கண்ணுக்கு நேராக விளக்கை மினுக்கினார்கள். அப்புறம், தூங்குங்கள் என்றார்கள், அதற்குத்தான் காத்திருந்தேன். அந்தத் தூக்கத்தில் சிக்கியது: இடது காதுக்கு மேலே உள்ள மூளைப் பகுதியில், வலிப்பு நோயைக் காட்டிக்கொடுக்கும் கூர் அலைகள். பசை முடியிலிருந்து போக வெந்நீரும் பொறுமையும் வேண்டும்.

ஹார்மோனுக்கு இதில் என்ன வேலை? ஈஸ்ட்ரோஜன் நரம்பு செல்களைத் தூண்டிவிடும். புரோஜெஸ்டிரோன் உடம்பில் அலோபிரெக்னனோலோன் என்ற பொருளாக மாறி, மூளையை அடக்கிவைக்கும் காபா ஏற்பிகளுக்குப் பலம் கொடுக்கும். மாதவிலக்குக்குச் சற்று முன்பு புரோஜெஸ்டிரோன் மளமளவென்று இறங்கும்போது அந்தப் பிடி தளர்கிறது. பெண்களுக்கு வலிப்பும் மாதவிலக்கும் சேர்ந்து வருவதை வில்லியம் கவர்ஸ் என்ற இங்கிலாந்து நரம்பியல் டாக்டர் 1881-இலேயே எழுதிவைத்திருக்கிறார். அமெரிக்காவின் பாஸ்டனில் ஆண்ட்ரூ ஹெர்சாக் என்ற நரம்பியல் டாக்டர் ஹார்மோனும் வலிப்பும் எப்படிச் சேர்கின்றன என்பதையே தன் ஆராய்ச்சியாக வைத்துக்கொண்டவர். 1997-இல் இவரும் கூட இருந்தவர்களும் இதை மூன்று வகையாகப் பிரித்தார்கள். என்னுடையது முதல் வகை, மாதவிலக்குக்கு மூன்று நாள் முன்னும் பின்னும். அந்த ஆராய்ச்சியிலும் அடிப்படை, நோயாளிகள் வீட்டில் குறித்த தேதிகள்தான் என்று தெரிந்தபோது அம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

அப்படியானால் புரோஜெஸ்டிரோன் மாத்திரை கொடுத்தால் சரியாகிவிடுமே என்று நானும் கேட்டேன். ஹெர்சாக் குழுவே அதை 294 பெண்களிடம் சோதித்து 2012-இல் முடிவை வெளியிட்டது. மொத்தத்தில் வெற்று மாத்திரையைவிடப் பெரிய பலன் இல்லை. மாதவிலக்கு நாட்களில் வலிப்பு மூன்று மடங்கு அல்லது அதற்கும் மேல் கூடுகிறவர்களுக்குத்தான் வித்தியாசம் தெரிந்தது. எனக்கு எழுதிக் கொடுத்தது தினமும் லெவெடிராசெட்டம், அந்தச் சில நாட்களுக்கு மட்டும் கூடுதலாக க்ளோபசாம். இது எனக்கான மருந்து, என் சீட்டைப் பார்த்து யாரும் வாங்கிச் சாப்பிட வேண்டாம். க்ளோபசாம் சீட்டு இல்லாமல் தரமாட்டார்கள், சின்ன ஊர்க் கடைகளில் சில சமயம் இருப்பும் இருக்காது. முன்கூட்டியே வாங்கி வைத்துவிடுகிறேன்.

ஃபிட்ஸ் அடியோடு நிற்கவில்லை. ரொம்பவே குறைந்திருக்கிறது, வந்தாலும் முன்போல் அடித்துப்போடுவதில்லை.

கல்யாணப் பேச்சு ஓடுகிறது. மறைத்துவிடலாம் என்று பெரியம்மா சொல்கிறார். வலிப்பைக் காட்டிக் கல்யாணமே செல்லாது என்று கேட்க வழிவைத்திருந்த வார்த்தையை இந்துத் திருமணச் சட்டத்திலிருந்து 1999-லேயே எடுத்துவிட்டார்கள், இன்னும் எதற்கு ஒளிக்க வேண்டும்? நானே சொல்லிவிடுவதாக இருக்கிறேன். குழந்தை பிறக்கும் காலத்தை மனதில் வைத்துத்தான் வால்ப்ரோயேட் என்ற வலிப்பு மருந்தை டாக்டர் முதலிலேயே தவிர்த்திருந்தார், வயிற்றுக் குழந்தைக்கு அது ஆகாது. ஃபோலிக் ஆசிட் எப்போது தொடங்குவது என்று அடுத்த ரிவ்யூவில் கேட்க வேண்டும். சீசனில் மட்டும், க்ளோபசாம் போடும் நாட்களில் இரவு ஷிஃப்ட் வேண்டாம் என்று மேனேஜரிடம் கேட்டேன். காரணத்தையும் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை, அப்புறம் ஷிஃப்ட் லிஸ்ட்டை எடுத்து என் பெயரைப் பகலுக்கு மாற்றினார்.